நூறாம் சைஸ் நத்தை

எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் மீன் இல்லை, தண்ணீரும் இல்லை. ஈர மண், கொஞ்சம் கீரைத் தண்டு, ஐந்து நத்தைகள். மகள் வயிற்றுப் பேத்தி வளர்க்கிறாள். முன்பெல்லாம் என்னைப் பார்க்க வருகிறவர்கள் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் ஏற்றுமதிக் கேடயங்களைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். இப்போது செருப்பைக் கழற்றியதும் நேரே தொட்டிக்குப் போய்விடுகிறார்கள். கேடயம் வாங்கியது நான்தான் என்பதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் பேத்தியிடம் கேட்டேன். "இருக்கறதுல பெருசா ஒண்ணு எடுத்துக் குடு கண்ணு. ஆபீஸ் டேபிள்ல வச்சுக்கறேன்."

"ஒண்ணு மட்டும் தர மாட்டேனுங்க அப்புச்சி. தனியா வச்சா அது சரியாத் திங்காது. ஒண்ணு போன தடத்துலதான் இன்னொண்ணு போகும். ஒட்டிக்கிட்டுப் படுத்தாத்தான் அதுகளுக்கு ஈரம் காயாது. வேணும்னா ரெண்டா எடுத்துக்கங்க" என்றாள். எல்லாம் போனில் படித்தது.

எனக்குச் சுருக்கென்றது. ஒற்றை மெஷினில் ஆரம்பித்து இருநூறு மெஷின் ஓட்டுகிறவன் நான். ஜெர்மனிக்காரன் துணியைக் கையில் கொடுத்தால் தடவிப் பார்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடுவேன். எனக்கு நத்தைப் பாடமா?

"ஒம்பது வயசுலயே நத்தை வளர்த்தவன் நானு. உன்ற போன் எல்லாம் அப்பப் பொறக்கவே இல்ல" என்றேன்.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். "நெசமாங்களா? சொல்லுங்க அப்புச்சி."

நான் வாயைத் திறந்தேன். பிறகு, கம்பெனியில் கண்டெய்னர் வந்திருக்கும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். கண்டெய்னர் எதுவும் வரவில்லை. அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் ஆபீஸ் பெண் திருத்திக்கொள்வாள். நடந்ததைத் திருத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அப்போது எங்களுடையது ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள ஓட்டு வீடு. அப்பா பனியன் கம்பெனியில் துணி வெட்டினார். அம்மா வீட்டிலிருந்தே பிசிறு வெட்டினாள். தைத்து முடித்த பனியனில் அங்கங்கே நூல் முனை துருத்திக்கொண்டு நிற்கும், அதுதான் பிசிறு. கம்பெனிக்காரர் சைக்கிளில் மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். குட்டிக் கத்திரியால் நூலை வெட்டி, அழுக்கு இருக்கிறதா ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, அடுக்கி வைக்க வேண்டும். மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு அடுத்த மூட்டையைப் போடுவார். ஒரு பீஸில் கறை தெரிந்தாலும் அடுத்த மூட்டை வேறு வீட்டுக்குப் போய்விடும்.

நான் ஒரே பையன். அந்த ஓர் அறைக்கு நான்தான் ராஜா. மாதம் ஒருமுறை அப்பா ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வருவார். அம்மா சுடுசோற்றின் உச்சியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஓர் உருண்டையை வைப்பாள். அது உருகி நாலா பக்கமும் இறங்கும்வரை நான் சோற்றைத் தொடமாட்டேன். அந்தத் தெருவில் வேறு எவன் தட்டிலும் அப்படி ஓர் உருண்டை விழுந்ததில்லை. இதை நான் தெருவில் சொல்லியும் இருக்கிறேன்.

குண்டடம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்த அத்தையின் கதை அந்த வருடம் மாறிப்போனது. கிணறு வற்றியது. மாமா காய்ச்சலில் போய்விட்டார். அப்பா போய்த் தன் தங்கையையும் அவள் மகனையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தை மகன் என்னைவிட ஒரு வயது சின்னவன். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவன், என்னைப் பார்த்ததும் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்க இவன் யார்?

அவன் எதையும் கேட்க மாட்டான். அதனாலேயே எல்லாம் அவனுக்குக் கிடைத்தது. நான் கத்திக் கேட்டுத் தோசை வாங்கினால், கேட்காமல் உட்கார்ந்திருக்கும் அவன் தட்டில் அம்மாவே ஒன்றைக் கொண்டுவந்து போடுவாள். "பாரு, எப்பிடிப் பதவிசா உக்காந்திருக்கறான்" என்பாள். வெண்ணெய் வந்தபோது எலுமிச்சம்பழம் இரண்டு நெல்லிக்காய் ஆனது. அவன் தட்டில் இருந்த நெல்லிக்காய் கொஞ்சம் பெரியது என்று அன்றைக்கு நான் சத்தியம் செய்திருப்பேன். இன்றைக்கும் செய்வேன்.

அத்தைக்கும் வீட்டில் அதே நல்ல பேர்தான். வந்த பத்து நாளில் பிசிறு வெட்டுவதில் அம்மாவை முந்திவிட்டாள். பனியனை வாசல் வெளிச்சத்துக்கு நேரே ஒரு தட்டுத் தட்டிப் பிடிப்பாள். ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் விரல் தானாக அங்கே போய் நிற்கும். எண்ணெய்க் கறை என்றால் அதன்மேல் விரலை வைத்து அகலம் பார்த்து, இது ஊசி சொட்டியது, இது தரையில் விழுந்து எடுத்தது என்று சொல்லிவிடுவாள். "உங்குளுது கண்ணில்லீங்க, பூதக்கண்ணாடி" என்று அம்மா சிரிப்பாள். அண்ணன் மனைவி என்பதால் அத்தை என் அம்மாவை நங்கை என்றுதான் கூப்பிடுவாள். "போங்க நங்கை, கழுத்துல கட்டித் தொங்கவிட்டுக்குங்க" என்பாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மா என்னோடு அப்படிச் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஐப்பசி மழையில் நொய்யல் கரை வேலியில் நத்தைகள் வந்தன. நாங்கள் இருவரும் பிடிக்கப் போனோம். அவன் நான்கு பிடித்தான், நாலும் கொட்டைப்பாக்கு மாதிரி. நான் பிடித்தது ஒன்றுதான். ஆனால் அது நத்தையா? என் மூடிய கையைவிடப் பெரியது. ஓட்டில் பழுப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடியது. வாழ்க்கையில் நான் எடுத்த முதல் பெரிய ஆர்டர் அதுதான் என்பேன்.

அவன் நான்கையும் நூல் கோன் வந்த பழைய அட்டைப்பெட்டியில் விட்டான். அதற்குள் கட்டிங் வேஸ்ட் துணியை நனைத்துப் போட்டான். என் நத்தைக்கு அப்பாவிடம் அடம்பிடித்துப் புத்தம்புதுப் பனியன் பெட்டி வாங்கினேன். மூடியில் பனியன் போட்ட பயில்வான் கையை மடக்கிக் காட்டிக்கொண்டிருப்பான். அந்தப் பளபளப்பு கெட்டுவிடக் கூடாதென்று ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை. அப்பா சட்டைப் பையில் பனியனில் ஒட்டும் சைஸ் சீட்டுகள் எப்போதும் கிடக்கும். மைதாப் பசை தடவி எல்லா நத்தைக்கும் ஓட்டில் சைஸ் ஒட்டினேன். அவனுடையவற்றுக்கு இரண்டு எழுபத்தைந்து, இரண்டு எண்பது. என்னுடையதற்கு நூறு. அதற்கு மேல் சீட்டு இல்லை.

"நல்லா இருக்குதுங்க மச்சான்" என்றான் அவன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்த எனக்குத்தான் கோபம் வந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பெட்டி முன்னால் குப்புறப் படுத்துக்கொள்வான். மணிக்கணக்காகப் பார்ப்பான். ஒன்று ஊர்ந்து போன ஈரத்தின்மேல் அடுத்தது ஏறி, அது திரும்பிய இடத்தில் திரும்பி, அது நின்ற இடத்தில் நின்றது. எதிரெதிரே வந்தால் கொம்பால் கொம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வழி விட்டன. பகலில் நான்கும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு உருண்டையாகத் தூங்கின. ஒன்றை எடுத்து எதிர் மூலையில் வைத்தாலும் சாயங்காலத்துக்குள் உருண்டைக்கே திரும்பி வந்துவிடும்.

என்னுடையது பயில்வான் பெட்டியில் தனியாக இருந்தது. முருங்கைக் கீரையை ஒரு கடி கடித்துவிட்டு ஓட்டுக்குள் போய்விடும். மூன்றாம் நாள் ஓட்டின் வாசலில் வெள்ளைக் காகிதம் ஒட்டியது மாதிரி ஏதோ மூடியிருந்தது.

"ராஜா அப்பிடித்தான், கண்டவனோட சேராது" என்றேன்.

"அதுக்கு ஆளு வேணுமுங்க மச்சான். இங்க உட்டுப் பாக்கலாமுங்களா? நாலும் ஒண்ணும் பண்ணாது."

"உன்றது நாலும் சேந்தாலும் என்றதுல பாதி வராது. இதைக் கொண்டுபோய் உன்ற பெட்டில உடணுமா?"

 நான் அந்தப் பக்கம் போனதும் மூடியைத் திறந்து என் நத்தையின்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தான். அதை நான் சமையற்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவன் உதவி செய்கிறான் என்று தோன்றவில்லை. கைக்குள் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான் என்றுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் பயில்வான் பெட்டி காலி. மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்தது. என் நூறாம் சைஸ், அவன் பெட்டிக்குள், நான்கு பொடிகளுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு தூங்கியது. பிய்த்து எடுத்துவந்தேன். அடுத்த நாளும் அங்கேதான்.

"நீதானடா தூக்கிட்டுப் போன?"

"சத்தியமா இல்லீங்க மச்சான். தரையப் பாருங்க."

பார்த்தேன். சிமெண்டுத் தரையில் என் பெட்டியிலிருந்து அவன் பெட்டிவரைக்கும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளிக் கோடு. அவன் தூக்கிக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதுவாகவே போயிருக்கிறது. அம்மா போனாள், வெண்ணெய் பாதி போனது, இப்போது நான் பிடித்து நான் சைஸ் போட்ட நத்தையும் அவனிடம் போகிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அறையின் எதிர்ச் சுவரோரம் வைத்தேன். இனி எப்படிப் போகும் பார்க்கலாம் என்று ஒரு கல்லையும் தேடினேன். சரியான கல் கிடைக்கவில்லை. காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அம்மாவும் அத்தையும் முடித்த வெள்ளைப் பனியன்களை அடுக்கி, இன்னும் கட்டாமல், அறை நடுவில் வைத்திருந்தார்கள். என் பெட்டிக்கும் அவன் பெட்டிக்கும் நேர் நடுவில்.

வழக்கமாக என்னை அடித்துத்தான் எழுப்ப வேண்டும். மறுநாள் காலையில் நானே முதலில் எழுந்தேன். கோடு என் பெட்டியிலிருந்து புறப்பட்டு, பனியன் அடுக்கில் ஏறி, மேல் பனியனில் ஒரு சுற்றுச் சுற்றி, முருங்கைக் கீரைப் பச்சையில் இரண்டு மூன்று இடத்தில் கழிந்து வைத்துவிட்டு, அந்தப் பக்கமாக இறங்கி அவன் பெட்டிக்குப் போயிருந்தது.

நான் அப்போதே சுறுசுறுப்பானவன். நத்தையை எடுத்து வந்து என் பெட்டியில் போட்டேன். வாசலிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து மூடிமேல் வைத்தேன். துண்டை நனைத்து என் பெட்டியிலிருந்து அடுக்கு வரைக்கும் தரையைத் துடைத்தேன். அந்தப் பக்கத்துக் கோட்டைத் துடைக்கவில்லை. பிறகு கத்தினேன்.

"அம்மா! இவன்ற நத்தை பனியன்ல ஏறிருச்சு!"

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா எழுந்து வந்து பார்த்தார். "வெள்ளைப் பீஸுடா இது! சைக்கிள்காரர் இன்னுங் கொஞ்ச நேரத்துல வந்துருவாரு. எத்தனை தடவை சொல்றது, இந்தக் கருமத்தை ஊட்டுக்குள்ள வெக்காதீங்கன்னு?" அத்தை மகன் தன் பெட்டியைப் பார்த்தான். நான்கும் உருண்டையாக மூலையில் இருந்தன. பிறகு என் பெட்டிமேல் இருந்த கல்லைப் பார்த்தான்.

"மாமா, அது வந்துங்க..." என்று ஆரம்பித்தான்.

அதற்குள் அத்தை மேல் பனியனை எடுத்து வாசலுக்குக் கொண்டுபோயிருந்தாள். வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டி வெளிச்சத்தில் பிடித்தாள். கோட்டின்மேல் இரண்டு விரலைச் சேர்த்து வைத்தாள். கோடு விரலுக்குச் சரியாக இருந்தது. திரும்பி வரும்போது நான் துடைத்த ஈரத்தில் அவள் கால் பட்டது. நின்று காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தாள். என் தோளில் கிடந்த ஈரத் துண்டைப் பார்த்தாள். கறை எந்த அளவு, சோப்புக்குப் போகுமா என்று கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன்.

மகன் தோளில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். அவன் வாய் மூடிக்கொண்டது.

"என்ற பையன்றதுதானுங்க அண்ணா" என்றாள். "சின்னப்பையன், தெரியாமப் பண்ணிட்டான். மேல நாலு பீஸ்தானுங்க நங்கை. நான் அலசிப் போட்டுர்றேன், சைக்கிள்காரருகிட்ட நானே பேசிக்கறேன்."

அலசினாள். சைக்கிள்காரரிடமும் அவளே பேசினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த மூட்டையைப் போட்டுவிட்டுப் போனார். அன்று முழுவதும் அவனிடம் யாரும் சிரித்துப் பேசவில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. போட்டி போட்டு ஜெயிப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் அத்தை கிளம்பிவிட்டாள். பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்திருக்கிறது, பக்கத்திலேயே ரூமும் இருக்கிறது, போய்வர வசதி என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன குறை வெச்சனுங்க நானு?" என்று கேட்டாள். "உங்ககிட்ட என்னுங்க நங்கை குறை?" என்ற அத்தை, என் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள். கோபமே இல்லாத கை. என்னைக் கண்டால் அத்தைக்கும் பிரியம்தான் என்று பெருமையாக இருந்தது.

பின்னாளில் என் கம்பெனியில் செக்கிங் டேபிள் போட்ட முதல் நாள், ஒரு பெண் எண்ணெய்க் கறையின்மேல் விரலை வைத்து அகலம் பார்த்தாள். கையில் இருந்த டீ கிளாஸை நான் கீழே வைத்துவிட்டேன். எழுபத்தைந்தாம் சைஸ் நத்தை சுண்டுவிரல் நகம் அகலத்துக்குத்தான் கோடு போடும். இரண்டு விரல் அகலம் போட அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. ஒரு தையல் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிற அத்தை அதையா விட்டிருப்பாள்?

அத்தை இப்போது இல்லை. அவள் மகனுக்கும் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. மெஷின் கணக்கில் என்னுடையதில் கால்வாசி வராது. எனக்கு மகள் போக மூன்று மகன்கள், மூன்று பேருக்கும் மூன்று மாடி, மூன்று சமையலறை, தனித்தனிக் கதவு. அவனுக்கு இரண்டு மகன்கள், ஒரே அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. கார் அந்தப் பக்கம் போனால் நான் கண்ணாடியை ஏற்றிவிடச் சொல்லுவேன். தூசி வரும் என்று டிரைவர் நினைத்துக்கொள்வான்.

அவர்கள் போன அன்றைக்கு நடந்ததுதான் பாக்கி. அவன் கோன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனைவரை போனவன் திரும்பி ஓடிவந்தான். "மச்சான், உங்குளுதுகூட ஒண்ணு உட்டிருக்கறனுங்க. பிரிச்சுராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். பயில்வான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு துண்டு ஈரத் துணி. அதன்மேல் என் நூறும் அவனுடைய எழுபத்தைந்தும் ஓட்டோடு ஓடு ஒட்டிக்கொண்டிருந்தன. கல் வைத்த பிறகு என் நத்தையின் வாசலை மறுபடி மூடியிருந்த வெள்ளைக் காகிதத்தைக் காணோம். கொம்பை நீட்டி எழுபத்தைந்தின் கொம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எண்பது இரண்டையும் தனக்கு வைத்துக்கொண்டு, இருக்கிறதிலேயே பொடியை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரே பெட்டியில் இரண்டு சைஸ் போடக் கூடாது என்பது பனியன்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? இன்னொரு பெட்டி கொண்டுவந்து, எழுபத்தைந்தைப் பிய்த்து அதில் போட்டேன். ஈரத் துணியை வெளியே எறிந்தேன். இரண்டு பெட்டியையும் இரண்டு சுவரோரம் வைத்து, மேலே ஆளுக்கொரு கல் வைத்தேன். சில நாளில் இரண்டும் வெள்ளையாக வாசலை மூடிக்கொண்டன. செத்துவிட்டன என்று நினைத்து, ஒன்றை வேலிக்கு இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வீசினேன்.

அந்த மாதம் அப்பா ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வந்தார். அம்மா முழு உருண்டையையும் சுடுசோற்றின் உச்சியில் வைத்தாள். பழையபடி எலுமிச்சம்பழம். தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கத்தில் பார்த்தேன். பக்கத்தில் தட்டு இல்லை. என் உருண்டையை இந்தப் பக்கமிருந்து பார்த்தேன், அந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அது பெரியதா சின்னதா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வெண்ணெய் உருகி இறங்கிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்கம்மா, இந்த வாட்டி இத்தனை கொஞ்சமா வெச்சுட்டீங்க?" என்று கேட்டேன்.